திங்கள் இரவு எந்தத் தேதி

சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட் ஓரத்தில் எங்களுக்கு ஒரு தகர ஷெட் உண்டு. சாப்பிட, தண்ணீர் குடிக்க, மழைக்கு ஒதுங்க. அதில் ஒரு தினக்காலண்டர் தொங்கும். தாளைக் கிழிப்பது காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு வருகிறவர்கள் வேலை. நைட் ஷிஃப்ட்காரன் கிழிக்க மாட்டான். மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். தேதி மாறிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கை வைக்க மாட்டோம்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு தடவை ராத்திரி ஒரு மணிக்குக் கிழித்துவிட்டார்.

"தேதிய முடிச்சிட்டல்ல, அப்ப நாளைய வேலையையும் நீயே பாத்துட்டுப் போய்யா" என்று அவரைக் கிண்டல் செய்தார்கள். கசக்கிய தாளை நீவி, சோற்றுப் பருக்கை வைத்து அவரே திரும்ப ஒட்டினார்.

யார் வைத்த வழக்கமோ தெரியாது. நானும் கேட்டதில்லை. நான் கம்ப்யூட்டரில் எழுதிய ஜாவா லைப்ரரிக்குள்ளும் அந்தக் காலண்டர்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மாட்டவில்லை. தானாக வந்திருக்கிறது. அது எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது.

நான் பத்தாவது பெயில். மைன்ஸுக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் முன் டவுன்ஷிப்பில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று வருடம் இருந்தேன். ஷட்டர் திறப்பது, தூசு துடைப்பது, ஜெராக்ஸ் எடுப்பது. படிக்க வந்த யாரோ விட்டுப்போன நோட்டில் ஜாவா இருந்தது. அதில் உள்ளதை அப்படியே அடித்துப் பார்த்தேன். ஓர் அரைப்புள்ளி விட்டால் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று பார்ப்பேன். மதியத்தில் மிஷின் சும்மா இருக்கும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படித்தான் வந்தது.

பிறகு பெல்ட் வேலை. எங்கள் கேங்குக்கு வாரம் ஒரு ஷிஃப்ட். ஒரு வாரம் காலை ஆறு, அடுத்த வாரம் மதியம் இரண்டு, அதற்கடுத்த வாரம் ராத்திரி பத்து. திங்கட்கிழமை மாறும். ஞாயிறு ஆஃப். ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு போனில் பார்க்கிற மாதிரி ஒரு இணையப் பக்கம் செய்தேன். தேதியைத் தட்டினால் ஷிஃப்ட் வரும். இன்னொரு கேங் கேட்டது. பிறகு பம்ப் ஹவுஸ் ஆட்கள் கேட்டார்கள். அதே கணக்கை மூன்று இடத்தில் எழுதி வைத்தேன். ஒன்றில் தப்பைத் திருத்தினால் மற்ற இரண்டில் தப்பு அப்படியே நிற்கும். சலித்துப்போய்க் கணக்கை மட்டும் உருவி எடுத்துத் தனியாக ஒரே இடத்தில் வைத்தேன். மூன்று பக்கமும் அதைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளும். அதுதான் லைப்ரரி. 'முறை' என்று பெயர் போட்டேன்.

இணையத்தில் வைக்க வேண்டியிருந்தது. காசு கொடுக்காமல் வைப்பதென்றால் எல்லோரும் பார்க்கும்படிதான் வைக்க முடியும் என்றார்கள். பார்க்கட்டும் என்று வைத்தேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், கெட்டுப்போனால் என்னைக் கேட்கக்கூடாது என்று ஒரு தாளும் கூட வைத்தேன். அந்தத் தாளை எல்லோரும் வைக்கிறார்கள்.

எங்கள் கேங்கில் என் தெருக்காரன் ஒருவன் இருந்தான். எங்கள் ஊர் வடக்குத்தில் அவன் வீடு ஒரு மூலை, என் வீடு ஒரு மூலை. சொந்தம் இல்லை. ஆனால் நான் அவனை மாமா என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். அவனுக்கு அது ஒன்பதாவது வருடம். பர்மனென்ட் ஆக்க அந்த வருடம் ஒரு லிஸ்ட் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்திருந்தது. சொல்லாமல் ஒரு நாள் நின்றாலும் அந்த வருடம் பெயர் போகாது என்று கான்ட்ராக்டர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவன் காய்ச்சலிலும் வந்தான். அண்ணன் மகள் கல்யாணத்தன்று தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் வந்தான். என் பக்கத்தை அதிகம் பார்த்தவனும் அவன்தான்.

அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றால், லைப்ரரி வைத்திருக்கும் இடத்திலேயே கேள்வி எழுதிப்போட ஒரு பலகை உண்டு. அதில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம். மொழிபெயர்க்கிற பக்கத்தில் போட்டுப் படித்தேன்.

உங்கள் லைப்ரரி எங்கள் இரவு ஆட்களை ஒரு நாள் பின்னால் தள்ளிப் போடுகிறது. ஏன்?

வேறெதுவும் எழுதவில்லை. நான் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தள்ளுகிறதா? எங்கே? நம் பக்கத்தில் சரியாகத்தானே இருக்கிறது? அதைவிட, யார் இவர்? என்ன வேலை? இரவு ஆட்கள் என்கிறாரே, அங்கே எதைத் தோண்டுகிறார்கள்?

'நீங்கள் என்ன வேலை?' என்று கேட்டேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது.

மீன் ஆலை என்றார். பூமிக்கு வடக்கே கடைசி. மீன் வந்தால் வெட்டி, உப்புப் போட்டு, பெட்டியில் அடைப்பது. அவரும் கத்தி பிடிக்கிற ஆள்தான். கூட வேலை செய்பவர்களுக்கு ஷிஃப்ட் பட்டியல் போடுவதும் அவர் பொறுப்பு. பெண் என்பது பத்தாவது பதிலில்தான் தெரிந்தது. கோடையில் அங்கே சூரியன் மறையவே மறையாது என்றார்.

'அப்போது நைட் ஷிஃப்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்?'

'கடிகாரம் சொல்வதை.'

அவருக்கும் பேச்சு கம்மி. எனக்கு அது பிடித்திருந்தது.

தகராறு இதுதான். அவர்கள் ஊரில் செவ்வாய் நைட் ஷிஃப்ட் என்றால் திங்கள் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிப்பது. எங்கள் ஷெட்டில் அதற்குத் திங்கள் நைட் என்று பெயர். எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம்தான் திங்கள், மிச்சம் ஆறும் செவ்வாய், அப்படியிருக்க எப்படித் திங்கள் என்கிறீர்கள் என்று கேட்டார்.  காலண்டர் தாளை ஆறு மணிக்காரர்கள் கிழிப்பார்கள் என்று எழுதலாம். எழுதினால் ஏன் என்று கேட்பார்.

எனக்குள்ளேயே அந்த ஏன் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒரு வாரம் பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டேன்.

வீட்டில் மனைவியைக் கேட்டேன். "செவ்வாக்கெழம நைட்டுன்னா எந்த நைட்டு?"

"நீ எந்த நைட்டு வூட்ல இல்லியோ அந்த நைட்டு" என்றாள். அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

பண்ருட்டி பஸ்ஸில் கண்டக்டரைக் கேட்டேன். அவருக்கு நல்ல கோபம் இருந்தது, இந்த விஷயத்தில்.

"அத ஏன்பா கேக்கற. முன்னால நான் மெட்ராஸ் வண்டியில இருந்தேன். ராத்திரி பன்னெண்டே காலுக்கு எடுக்கறது. டிக்கெட்ல செவ்வான்னு இருக்கும். ஜனம் செவ்வாக்கெழம சாப்ட்டுட்டு, பொட்டி கட்டிக்கினு, புள்ளைங்கள இட்டுக்கினு வந்து நிக்கும். வண்டி அதுக்கு மொத நாள் ராத்திரியே போயிருக்கும். என்னிய புடிச்சி சண்ட போடும்."

"யார் பேர்ல தப்பு?"

"டிக்கெட்டு சரி. ஜனமும் சரி. நாந்தான் தப்பு, அங்க நின்னேன் பாரு."

திருவதிகையில் பூ விற்கிற அம்மாவைக் கேட்டேன். நாளைப் பூவை இன்றைக்குச் சாயங்காலமே வாங்கித் தொடுத்துவிடுவார். அவருக்கு நாள் விளக்கு வைக்கும்போது ஆரம்பிக்கிறது. "பொழுது சாஞ்சா அடுத்த நாளுதான தம்பி. இது கூடத் தெரியாமலா மைன்ஸுல ஒக்காந்துகினு இருக்க?"

கோயில் வாசலில் ஒருவர் சூரியன் வந்தால்தான் நாள் என்றார். சூரியன் மறையாத ஊர் ஒன்று இருக்கிறது என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எல்லோருக்கும் நாள் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஒரு பஸ் ரூட்டுக்குள்ளேயே நாலு இடத்தில் ஆரம்பிக்கிறது. இத்தனை வருடம் யாரும் அடித்துக்கொள்ளாமல் எப்படி ஓடுகிறது?

கேட்டவர்களில் ஒருவர் கணக்கு இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் மீன் ஆலை சொல்வதுதான் சரி என்று முடிவு கட்டினேன். அதிக நேரம் எந்தத் தேதியில் விழுகிறதோ அதுவே ஷிஃப்ட்டின் தேதி. கணக்காகப் பார்த்தால் அதில் தப்பு இல்லை. ஒரு சனிக்கிழமை மாற்றி எழுதினேன். நாலு வரி. புது வெர்ஷன் என்று எண் போட்டு வெளியே விட்டேன். 'சரியாகிவிட்டது, நன்றி' என்று மீன் ஆலை அம்மா எழுதினார். எனக்கு அன்று சோறு கொஞ்சம் அதிகமாக இறங்கியது.

ஒன்றை மறந்தேன். எங்கள் பக்கம் லைப்ரரியின் எந்த வெர்ஷனை எடுப்பது என்று நான் எண் குறித்து வைக்கவில்லை. புதிது எதுவோ அதை எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தேன். சோம்பல். ஞாயிற்றுக்கிழமை பக்கம் தானாகப் புதியதை எடுத்துக்கொண்டது. ஊரெல்லாம் கேட்டேன். பக்கத்தைப் பார்க்கிறவர்களைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எங்கள் கேங்குக்கு நைட் ஆரம்பம். எல்லோரும் வாய்ப்பேச்சில் தெரிந்து வந்துவிட்டார்கள். மாமா மட்டும் வரவில்லை. ஒரு வாரமாக அவன் ஊரில் இல்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேத்தியாத்தோப்பில் மாமியார் வீட்டு அறுப்புக்குப் போயிருந்தான். அன்று ராத்திரி போன் போட்டேன். எடுக்கவில்லை.

காலையில் ஷிஃப்ட் விட்டு கேட் பக்கம் டீக்கடையில் நின்று திரும்பப் போட்டேன். எடுத்தான். பின்னால் நெல் அடிக்கிற மிஷின் சத்தம்.

"மாமா, எங்க இருக்க?"

"அறுப்புலதான் மச்சான். மத்தியானம் பஸ்ஸு ஏறிடுவேன். நைட்டுக்கு வந்துருவேன்."

"நைட்டு நேத்தே ஆரம்பிச்சிடுச்சி."

 நடந்து தள்ளிப் போனான் போல. சத்தம் குறைந்தது.

"இன்னா சொல்ற? உன் பக்கத்துல பாத்துட்டுதான இருந்தேன். திங்கக்கெழம ஒன்னுமில்ல. செவ்வாயில இருந்துதான் நைட்டுன்னு போட்டுருக்கு."

"யாரையுனா ஒரு வார்த்த கேக்கறதுதான?"

"உன்னத்தான கேட்டேன்."

நான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அப்படித்தான் போட்டிருந்தது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை நைட். மீன் ஆலைக்கு அது சரி. டீ ஆறிவிட்டது.

"நீ இப்பவே பஸ்ஸு ஏறு. நேரா டைம் ஆபீசுக்கு வா" என்றேன்.

முதல் வேலையாகப் பக்கத்தில் பழைய வெர்ஷனின் எண்ணைக் குறித்து நிறுத்தினேன். பிறகு டைம் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தேன். தூக்கம் வரவில்லை. அவன் பதினோரு மணிக்கு வந்தான். கால் முடியெல்லாம் வைக்கோல் தூசி. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கான்ட்ராக்டரின் டைம் கீப்பர் வயசாளி. மூக்குக் கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார்.

"என்னா ஜோடி போட்டுக்கினு வந்துருக்கீங்க?"

"ஆப்சென்ட் விஷயங்க" என்றேன்.

"அது போட்டாச்சு."

"தப்பு என்னுதுங்க."

"நீ நேத்து டூட்டியில இருந்த. வராதவன் அவன். உன் தப்பு எங்கேருந்து வந்துச்சு?"

போனைக் காட்டினேன். காலையில் திருத்தும் முன் எடுத்து வைத்த பக்கத்தின் படம் இருந்தது. மெதுவாகப் படித்தார்.

"இத யாரு போட்டது?"

"நாந்தாங்க."

"யாரு போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. வெளிநாட்ல ஒரு மீன் ஆலையில அப்படித்தான் கணக்கு. அவங்க கேட்டாங்கன்னு மாத்தினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மீன் ஆலைக்கும் உனக்கும் என்னாய்யா?"

"ஒன்னுமில்லீங்க."

"எங்கியோ மீன் வெட்டறவங்களுக்காவ இங்க நம்ம ஆள ஆப்சென்ட் ஆக்கிட்டியா?"

 மாமா தரையைப் பார்த்தபடி, "ஒம்போது வருசங்க" என்றான். அது ஒன்றுதான் அவன் அங்கே பேசியது.

அவர் மஸ்டரை எடுத்துப் பிரித்தார். ஆள் வந்ததைக் குறிக்கும் பெரிய நோட்டு அது. தினம் கையெழுத்துப் போட்ட நோட்டுதான். ஆனால் என் பெயர் இருக்கும் கட்டத்தைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. அன்று தலைகீழாக, எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். காலை ஷிஃப்ட் வரிசையில் தேதி ஒன்று. மதியம் ஷிஃப்ட்டிலும் ஒன்று. நைட் வரிசையில் மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு தேதி, நடுவில் ஒரு சாய்ந்த கோடு. 8/9. 9/10. 10/11.

வந்த வேலை எனக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"இது என்னாங்க, ரெண்டு தேதி?"

"நைட்டுன்னா ரெண்டு தேதிதான. எட்டுன்னு போட்டா ஒருத்தன் வந்து ஒம்போதும்பான். ஒம்போதுன்னு போட்டா இன்னொருத்தன் எட்டும்பான். ரெண்டயும் போட்டுட்டா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

"யாரு கண்டுபுடிச்சது?"

"இதுல கண்டுபுடிக்க என்னா இருக்கு? எனக்கு முன்னால இருந்தவரும் இப்படித்தான் போட்டாரு." அவர் மாமாவைப் பார்த்தார். "இவன் என்னா, உனக்காவ பேச வந்தானா, நோட்டு பாக்க வந்தானா?"

"இவன் இப்படித்தாங்க" என்றான் மாமா.

மாமாவின் கட்டத்தில் ஆப்சென்ட் பென்சிலில் இருந்தது. வாரம் முடிந்து சனிக்கிழமைதான் பேனாவில் ஏறும் என்றார். நாங்கள் நின்றோம். அவர் பக்கத்தைப் புரட்டினார். வேறு ஒரு கேங்கில் விரலை வைத்தார்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்கு ஆளு கொறையுது. அன்னிக்கி இவனுக்கு ஆஃப். வந்து நின்னான்னா, அந்த ஆஃப்ப நேத்தைக்கி மாத்திக் குடுத்த மாதிரி போடறேன். இன்ஜினியர் கையெழுத்து நான் வாங்கிக்கறேன். வரலன்னா பேனா."

"வந்துர்றேங்க" என்றான்.

"ரோசன பண்ணி சொல்லு. ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு நைட்டு முடிஞ்சி போவ. ரெண்டு மணிக்குத் திரும்ப வரணும். ராத்திரி பத்துக்கு வுட்டா, மறுநாள் காலைல ஆறுக்கு உங்க கேங்கு ஷிஃப்ட்டு."

"வர்றேங்க."

"நீ" என்று என் பக்கம் திரும்பினார், "உன் தப்புன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. மீனப் பத்தி எழுதாத."

எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. மீனைப் பற்றி எழுதவில்லை.

அன்று ராத்திரி டூட்டி போகும் முன் மீன் ஆலை அம்மாவுக்கு எழுதினேன். நான் மாற்றியதைத் திரும்ப மாற்ற வேண்டும், இங்கே ஒருவருடைய வேலை போகப் பார்க்கிறது, உங்கள் பட்டியல் மறுபடி கெடும், மன்னிக்கவும். நான் எழுதியதில் அதுதான் நீளமானது. பதில் சீக்கிரம் வந்தது.

'மாற்றுங்கள். இங்கே கெட்டால் மீன் காத்திருக்கும்.'

பிறகு ஒரு வரி. 'என்னுடைய கேள்வியால் நடந்ததா?'

'இல்லை. என் அவசரத்தால்' என்று எழுதினேன்.

அந்த வாரம் மதியங்களில் தூங்கி எழுந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். லைப்ரரியிடம் பழைய கேள்வியைக் கேட்டால் பழைய பதிலே வரும்படி வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. யாரோ ஒருவர் அதை நம்பி எங்கேயோ அறுப்பில் நிற்கிறார் என்று இப்போது தெரியும். அதோடு கூடப் புதிதாக இன்னொரு கேள்வி வைத்தேன். அதைக் கேட்டால் லைப்ரரி, இது இந்த நாளின் நைட் என்று சொல்லாது. எந்தத் தேதி எத்தனை மணிக்கு ஆரம்பம், எந்தத் தேதி எத்தனை மணிக்கு முடிவு, இரண்டையும் கொடுக்கும். எந்த நாள் என்று பெயர் வைப்பது கேட்கிறவர் பாடு. எங்கள் பக்கத்தில் 'திங்கள் ராத்திரி 10 முதல் செவ்வாய் காலை 6' என்று வரும்படி செய்தேன். மஸ்டரில் இருந்ததுதான். நான் சேர்த்தது எதுவும் இல்லை.

பக்கம் எந்த வெர்ஷனை எடுக்க வேண்டும் என்று எண்ணையும் எழுதினேன். இனி நான் கை வைக்காமல் அது மாறாது.

வெள்ளிக்கிழமை ஷெட்டில் மாமா என் போனை வாங்கிப் பார்த்தான். அவன் ஞாயிறு டூட்டியை நான் அதில் தனியாகக் குறித்து வைத்திருந்தேன்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு மணின்னு போட்டுருக்கு. பகல் ரெண்டா, ராத்திரி ரெண்டா?"

"பகல்."

"வாயால சொல்லு. இதுல வாணாம்."

"பகல் ரெண்டு மணி மாமா."

"இந்த ஞாயித்துக்கெழமதான?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டான்.

ஞாயிறு காலை நைட் முடிந்து இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். அவன் வீட்டிலும் சொல்லியிருந்தேன், பன்னிரண்டரைக்கு எழுப்ப. அவன் மனைவி எழுப்பியிருக்கிறாள். நானும் போய் நின்றேன். கண் சிவந்திருந்தது. சைக்கிள் ஓட்டுகிற நிலையில் இல்லை. என் வண்டியில் ஏற்றி கேட்டில் இறக்கிவிட்டேன். சாயங்காலம் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து மணிக்குத் திரும்ப அழைத்து வந்தேன். வழியெல்லாம் தலை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு இருவரும் ஷெட்டில் இருந்தோம். முதலில் வந்தது நாங்கள். காலண்டர் தாளை அவன் கிழித்தான்.

சில மாதங்கள் கழித்து லிஸ்ட் வந்தது. ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். கூட்டத்துக்குள் புகுந்து அவன் விரலால் தன் பெயரைத் தேடினான். இருந்தது. இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தான். கீழே, சர்ட்டிபிகேட் எடுத்துக்கொண்டு வர வேண்டிய நாள் போட்டிருந்தது.

"மச்சான், பதினாலுன்னு ஒரு தேதிதான் போட்டுருக்கான்."

"ஆபீசு மாமா. காலைல பத்து மணிக்குத்தான் தொறப்பான்."

"பதினாலா, பதிமூனு/பதினாலா?"

"பதினாலு. பகல்."

அவன் சரி என்றான். பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்கே போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறான்.